கண்டது கண், அசையாதது கை!

"இனி எந்தப் போர்க் குற்றவாளியும் தப்ப முடியாது, விண்ணிலே கண் இருக்கிறது, ஆய்வுக்கூடத்திலே அறிவு இருக்கிறது" என்று பூரிப்போடு பேசுவோர் பெருகிவிட்டனர். அறிவியலின் ஆற்றலை மறுப்பவனல்லன் நான். எனினும் இந்தப் பூரிப்பு என்னை அச்சுறுத்துகிறது.

போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா! 'பாதுகாப்புப் பகுதி' என்று ஐக்கிய நாடுகள் அவை பெயர் சூட்டிய ஊர். 1995 ஜூலையில் போஸ்னிய செர்பியப் படை அங்கே புகுந்தது. 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று குவித்தது. புதைத்ததோடு விட்டார்களா? இல்லை. சில திங்கள் கழித்து, இயந்திரங்களைக் கொண்டு பிணங்களைத் தோண்டியெடுத்து, தொலைவிலே வேறு குழிகளில் கொட்டினர். சான்றையும் கொன்றுவிடலாம் என்று எண்ணினர், கொடியோர்!

அறிவியல் விடவில்லை. குழிக்குக் குழி மண்ணை ஒப்பிட்டனர். கண்ணைக் கட்டிய துணியை, கையைக் கட்டிய கம்பியை, தோட்டா உறையை ஒப்பிட்டனர். கோஸ்லுக் என்னும் இடத்திலே குப்பையாகக் கிடந்த பாட்டில் கண்ணாடிச் சில்லுகள், பிணங்களோடு பயணம் செய்து, புதுக் குழியிலே சாட்சி சொல்லின! ஒருவனுடைய எலும்புகளே பல குழிகளில் சிதறிக் கிடந்தன. தாயோ உடன்பிறந்தாரோ அளித்த சில துளிக் குருதியின் மரபணு, அவற்றை ஒன்று சேர்த்து, அவனுக்குரிய பெயரைத் திருப்பித் தந்தது. ஏறத்தாழ 7,000 பேர் இவ்வாறு அடையாளம் காணப்பட்டனர். மை போட்டுப் பார்த்து மந்திரவாதி சொன்னதல்ல இது. மனிதனின் மதி சொன்னது!

சரி, விண்ணிலிருந்த கண் என்ன செய்தது? கைதிகள் திரட்டப்பட்ட திடலையும், பின்னர் புதிதாய்க் கிளறப்பட்ட மண்ணையும் அது படம் பிடித்திருந்தது. 1995 ஆகஸ்ட் 10-இல் அமெரிக்கத் தூதர் மெடலின் ஆல்பிரைட் பாதுகாப்பு அவையிலே அப்படங்களைக் காட்டினார். பிணங்கள் இடம் மாற்றப்பட்டது அதற்குப் பிறகு! ஆம், உலகமே பார்த்த பிறகு!

கண்ணகி சிலம்பை உடைத்தாள், மாணிக்கப் பரல் தெறித்தது, வழக்கு வென்றது. கோவலன் எழுந்தானா? பாண்டியனாவது, உண்மை கண்ட கணமே உயிர் விட்டான். இங்கோ, படைத்தலைவன் ராட்கோ மிலாடிச் மீது குற்றம் சாட்டியது 1995-இல். அவன் பிடிபட்டது 2011-இல். ஆயுள் தண்டனை 2017-இல். அது உறுதியானது 2021-இல். அந்தப் பதினாறு ஆண்டுகளில் நுண்ணோக்கிக்கா பஞ்சம்? விண்கலத்துக்கா பஞ்சம்? செர்பியாவிலே பல ஆண்டுகள் படையினரின் அரவணைப்பிலேயே வாழ்ந்தான் அவன். ஐரோப்பிய ஒன்றியத்திலே இடம் வேண்டும் என்ற ஆசை அந்நாட்டு அரசைப் பற்றிக்கொண்ட பின்னரே கைகள் அசைந்தன. பிடிக்கச் சென்றபோது மலைக்குகையிலா மறைந்திருந்தான்? லாசரேவோ என்னும் சிற்றூரில், உறவினர் வீட்டில் இருந்தான்.