சரித்திர வியாசமும் மார்க்கும்

மாணவர் எழுதும் சரித்திர வியாசத்தை மதிப்பிடுவது உபாத்தியாயர்களுக்கு மட்டும் உரிய விஷயமென்று பலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. சாட்சியத்தைச் சீர்தூக்கிப் பார்க்கப் பள்ளியில் பழகாத பிள்ளை, நாளை மேடைப் பிரசங்கத்தையும் அப்படியே நம்பி ஓட்டளிப்பான். ஆகையால் இது தேசத்தைப் பற்றிய விஷயமேயாகும்.

தமிழ்நாட்டின் பொதுப் பரீட்சைகளில் விடைக்குறிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு தாள்களைத் திருத்துகிறார்கள். லட்சக்கணக்கான தாள்களைப் பாரபட்சமின்றித் திருத்த அது அவசியமே. ஆனால் அம்சங்களை எண்ணி மார்க்கு இடும் அவ்வழக்கம் வகுப்பறைக்குள்ளும் புகுந்துவிட்டது. கேடு அங்கேதான் தொடங்குகிறது.

1806 ஜூலை 10-ந் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குக் காரணம் யாது என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாணவன், புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் கடுக்கனுக்கும் விதித்த தடை, கோட்டையில் வசித்த திப்புவின் புதல்வர்கள், ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பி, 1807-ல் கவர்னர் பெண்டிங்கும் சேனாதிபதி கிரடாக்கும் பதவியிழந்தது என்று ஐந்து அம்சங்களை வரிசையாக எழுதுகிறான். கேட்டது காரணம், கடைசி இரண்டும் காரணமேயல்ல. ஆயினும் எண்ணிக்கை நிறைந்துவிட்டபடியால் மார்க்கும் நிறைந்துவிடுகிறது.

மற்றொருவன் இரண்டே காரணங்களை எடுத்துக்கொள்கிறான். மே மாதத்திலேயே தலைப்பாகையை மறுத்த சிப்பாய்களுக்குக் கசையடி விதித்ததைக் காட்டி, கோபம் உடை உத்தரவிலிருந்து பிறந்தது என்கிறான். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியதைக் காட்டி, கோபத்தோடு அரசாசையும் கலந்திருந்தது என்கிறான். இளவரசர்கள்மீது பழி சுமத்துவது, உத்தரவு பிறப்பித்தவர்களுக்குச் சௌகரியமன்றோ என்றும் கேட்கிறான். சரித்திரம் கற்றவன் இவனே. எண்ணிக்கைக் கணக்கிலோ இவன் பின்தங்கிவிடுகிறான்!

இவ்வெழுச்சியை முதல் சுதந்திரப் போர் என்று எழுதியதற்காக மார்க்கு கொடுப்பதும், மறுத்ததற்காகக் குறைப்பதும் ஒருங்கே தவறாகும். முடிவுக்கு அவன் காட்டும் ஆதாரத்திற்கே மார்க்கு. சான்று இருக்கவேண்டிய ஸ்தானத்தில் தேசாபிமானத்தை உட்காரவைப்பது தேசத்திற்குச் செய்யும் உபகாரமாகாது.

காரணம் கூறாத தீர்ப்பை மேல்கோர்ட்டார் திருப்பியனுப்புவார்கள். பத்துக்கு ஆறு என்று சிவப்பு மையில் எழுதி நிறுத்துவதும் அத்தகைய தீர்ப்பே. ஏன் ஆறு, ஏழாவதற்கு என்ன செய்யவேண்டும் என்பது மாணவனுக்குத் தெரிவதில்லை.

ஆகவே நாம் சொல்லும் யோசனை எளியது. முதல் பிரதிக்கு மார்க்கே வேண்டாம். ஓரத்தில் இரண்டு மூன்று கேள்விகள் போதும்: இதற்குச் சான்று எங்கே? இதைச் சொன்னவர் யார், இதனால் அவருக்கு என்ன லாபம்? எதிர்க்கட்சிக்குப் பதில் என்ன? மாணவன் அவற்றுக்கு விடைதேடித் திருத்தி எழுதட்டும். இரண்டாவது பிரதிக்கு மார்க்கு இடுக. ஐம்பது பிள்ளைகளுள்ள வகுப்பில் இது சாத்தியமா என்பார்கள். பத்து வியாசங்களை ஒருமுறை எழுதுவிப்பதைவிட, மூன்றை இருமுறை எழுதுவிப்பது மேல்.

கல்வி அதிகாரிகள் விடைக்குறிப்பில் தகவலுக்கு ஒரு பங்கும் நியாயத்துக்கு ஒரு பங்கும் பிரித்து வைப்பார்களாக. அதுவரையில் உபாத்தியாயர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஓரத்தில் ஒரு கேள்வி எழுத எந்தச் சர்க்கார் உத்தரவும் தேவையில்லை.