எஞ்சிய மூலையா பூங்கா?

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801ஆம் ஆண்டில் மீண்டும் வீழ்த்திய வெள்ளையர், அதனைத் தரைமட்டமாக்கியதோடு அமையவில்லை. கோட்டை நின்ற மண்ணையே உழுது ஆமணக்கு விதைத்தனர். ஓர் இனத்தின் நினைவை அழிக்க, அவ்வினம் கூடி நின்ற நிலத்தையும் அழித்தல் வேண்டும் என்பதைப் பகைவன் அறிந்திருந்தான். 1974ஆம் ஆண்டில் அவ்வூரில் நினைவுக்கோட்டை எழுப்பினோம். ஆனால், அதே கரிசற்சீமையில் இன்று குண்டுமழையின்றியே பொதுநிலம் மறைந்து வருகின்றதே, அதனை உணர்ந்தோமா?

கோவிற்பட்டியைச் சுற்றிலும் பருத்தியும் கம்பும் விளைந்த புன்செய்கள் வீட்டுமனைகளாகின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாயின், சாலை நீங்கலாகப் பத்திலொரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குக் கொடையாவணம் எழுதித்தரல் வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கட்டட விதி. 3,000 முதல் 10,000 வரையாயின், நிலத்திற்கு ஈடாகப் பணம் செலுத்தவும் அவ்விதி இடந்தருகின்றது. பணம் நிழல் தருமா? பணத்தின்மேல் குழந்தை ஓடியாடுமா?

நிலமே தருவோரும் எந்நிலத்தைத் தருகின்றனர்? மனைகளையெல்லாம் அளந்து முடித்தபின் விலைபோகாது எஞ்சும் மூலையை, ஓடைக்கரையை, உயர்மின்கம்பியின் அடியை, பள்ளத்தை. கரிசலின் இயல்பை அறிந்தோர்க்கு இதன் கேடு விளங்கும். ஐப்பசி, கார்த்திகையில் பள்ளக்கரிசல் நீர் வடியாது சேறாய்க் காலைப் பற்றும். கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். அவ்விடத்து நடைபாதையும் பிளக்கும், சுவரும் பிளக்கும். ஈராண்டில் சீமைக்கருவேல் மண்டும். பின்னர், "மக்கள் பூங்காவைப் பயன்படுத்தவில்லை" என்று பழியும் மக்கள்மேலேயே விழும்!

அளவையும் எண்ணிப் பார்ப்போம். 5,000 மக்களுக்கு அரை எக்டேர், அஃதாவது ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கர்ப் பூங்கா வேண்டும் என்பது நடுவணரசு 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட நகரமைப்பு வழிகாட்டுநெறி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கோவிற்பட்டியின் மக்கள்தொகை ஏறத்தாழ 95,000. அவ்வாறாயின் 19 பூங்காக்கள் வேண்டும். ஒரே பெரும்பூங்காவை அமைத்து விழாவெடுத்தல் இதற்கு ஈடாகாது. தீப்பெட்டி ஒட்டிக் களைத்த பெண், நெடுஞ்சாலையையும் இருப்புப்பாதையையும் கடந்தா இளைப்பாறச் செல்வாள்?

ஆதலின், மனை அளப்பதற்கு முன்னரே பூங்காவின் இடம் குறிக்கப்படல் வேண்டும். அது மேட்டுப்பாங்காகவும், எவ்வீட்டினின்றும் பத்து நிமையத்தில் நடந்தெய்தும் நடுவிடமாகவும் இருத்தல் வேண்டும். பொருநையாற்று நீரைத் தொலைவினின்று குழாய்வழிக் கொணர்ந்து குடிக்கும் ஊரில் புல்வெளி வளர்ப்பது வீண்பகட்டு. வேம்பும் புங்கும் பூவரசும் மஞ்சணத்தியும் போதும்.

இஃது ஐரோப்பியன் கற்றுத்தந்த பாடமன்று. ஊர் நடுவே மரநிழலில் மன்றம் வைத்தவன் தமிழன். கா, பொழில், சோலை, தண்டலை எனப் பெயரிட்டு வேறுபாடு கண்டதும் அவனே. அவன் வழிவந்தோர் இன்று பொட்டல் மனைப்பிரிவிற்குக் 'கார்டன்' என்றும் 'அவென்யூ' என்றும் பலகை நடுகின்றனர். மொழியும் போயிற்று, மரமும் போயிற்று. எஞ்சியது பலகை!

ஒதுக்கிய இடமும் காவலின்றி நிலைப்பதில்லை. பெங்களூரில் பூங்காவிற்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்கு மாற்றிக் கொடுத்தனர். அக்குடியிருப்பு மக்களே வழக்காடினர். பூங்கா நிலத்தை அவ்வாறு திருப்புதல் செல்லாதென இந்திய உச்ச முறைமன்றம் 1991ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. விழித்திருந்த மக்களுக்குக் கிட்டிய வெற்றி அது.

தமிழ்மக்களே! உங்கள் மனைப்பிரிவின் ஒப்புதல் வரைபடத்தைக் கேட்டுப் பெறுங்கள். பூங்காவென வரைந்த இடம் எங்குள்ளது, கொடையாவணம் பதிவாயிற்றா, அங்கு நிற்பது மரமா கட்டடமா என நேரிற் சென்று காணுங்கள். இல்லையேல் நகராட்சியின் வாயிலில் திரண்டு நின்று வினவுங்கள். மீட்ட நிலத்திற்குத் தமிழிற் பெயரிடுங்கள்.

கோட்டையை இழந்தது படைவலியின்மையால். பொதுநிலத்தை இழப்பது கேளாமையால். முன்னது தோல்வி, பின்னது இழிவு.