மாத்திரை போட்டாலும் ஆணுறை வேண்டும்

“அதான் மாத்திரை சாப்பிடுறியே, அப்புறம் ஆணுறை எதுக்கு?” காதலன் இப்படிக் கேட்டதும் வாயடைத்துப்போகும் பெண்கள் உண்டு. அவர்கள் சொல்ல வேண்டிய பதில் இருக்கிறது.

கருத்தடை மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. ஊசியும் கருத்தடை வளையமும்கூடக் கிருமியைத் தடுக்காது. கருத்தடை முறைகளில் எச்ஐவி, கொனோரியா, கிளமிடியா ஆகியவற்றுக்கு ஆணுறைதான் தடுப்பு. இவற்றில் கிளமிடியா என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. பெரும்பாலான பெண்களுக்கு எரிச்சல், வலி எதுவும் இருக்காது. சத்தமில்லாமல் கருக்குழாய் வரை ஏறி அதை அடைத்துவிடலாம். இன்று கர்ப்பத்துக்குப் பயந்து மாத்திரை போடும் பெண், பின்னாளில் பிள்ளைக்காக ஏங்க நேரலாம்.

கர்ப்பத்தைத் தடுப்பதற்கும் மாத்திரை மட்டும் போதும் என்று சொல்லிவிட முடியாது. நடைமுறையில் மாத்திரை போடும் 100 பெண்களில் ஏறத்தாழ 7 பேர் ஓராண்டில் கருத்தரிக்கிறார்கள். ஆணுறையை மட்டும் நம்பினால் 13 பேர். விடியுமுன் ஜோகூர் பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு, ஷிப்ட் மாறும் வாரத்தில் மாத்திரை வேளை தவறுவது பெரிய அதிசயமல்ல. அந்த ஓட்டையை ஆணுறை அடைக்கும்.

“அது கிழிந்துவிடும்” என்பார்கள். உலகிலேயே அதிகமாக ஆணுறை தயாரிக்கும் காரெக்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை நம் ஜோகூரின் பொந்தியானில்தான் இருக்கிறது. ஆணுறைத் தயாரிப்பில் ஒவ்வொன்றையும் உலோக அச்சில் மாட்டி மின்சாரம் செலுத்தி ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்த பிறகே உறையில் அடைப்பார்கள். கிழிவது பெரும்பாலும் நம் கையில்தான்: பர்ஸில் மாதக்கணக்கில் வைப்பது, தேங்காய் எண்ணெய் தடவுவது, காலாவதித் தேதி பார்க்காதது. எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ரப்பர் பலமிழக்கும். நீர் சார்ந்த ஜெல்லால் கெடாது.

“இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்” என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. மாத்திரையும் ஆணுறையும் சேர்த்தே பயன்படுத்தும்படி இளையோருக்குச் சொல்லித்தந்த நெதர்லாந்தில் பதின்ம வயதுக் கர்ப்பம் மிகக் குறைவு.

மிஞ்சுவது, “என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்ற கேள்வி. ஜோகூரில் 2001 முதல் முஸ்லிம் ஜோடிகள் திருமணத்துக்கு முன் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதை அவமானமாக நினைக்க வேண்டியதில்லை. அறிகுறியில்லாத தொற்று, அதைச் சுமப்பவருக்கே தெரியாது. ஆணுறை கேட்பதில் அவருடைய நேர்மையைச் சந்தேகிப்பதாக எதுவுமில்லை. புதிதாகத் தொற்றிய எச்ஐவி சில வாரம் பரிசோதனையிலும் பிடிபடாது. ஆகவே இருவரும் கிளினிக்குக்குப் போங்கள். எச்ஐவியோடு மற்றத் தொற்றுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். மறுபரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டு, எல்லாம் தெளிவாகும்வரை ஆணுறையை விடாதீர்கள்.