சால்வை போதுமா?

2021-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர்க்கும் முதியோர்க்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார். நம் பங்குகளில் அந்நாளை எவ்வாறு கொண்டாடுகிறோம்? ஒரு சால்வை, ஒரு பழப்பை, ஒரு புகைப்படம். மேடையில் பேசுவோர் இளையோர். கீழே அமர்ந்து கேட்போர் முதியோர். மறுநாள் முதல் அவர்களிடம் நாம் கேட்பவை இரண்டே கேள்விகள்: "சாப்பிட்டீர்களா? மாத்திரை போட்டீர்களா?" இதற்கா முதியோர் பணி என்று பெயர்?

ஆள் நிறைந்த வீட்டில் எவர் கண்ணிலும் படாதிருப்பது பசியினும் கொடிது. பேத்தியின் திருமணம் நிச்சயமான செய்தி, அழைப்பிதழ் அச்சான பிறகே பாட்டியை எட்டுகிறது. நிலத்தை விற்கத் தாத்தாவின் கையொப்பம் வேண்டும்; கருத்து வேண்டா!

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, தம்மைப் பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். கைவிடுவோர்க்கு 3 மாதம் வரை சிறையும் உண்டு. நல்ல சட்டமே. எனினும் பணம் தரவைக்கும் சட்டம், அருகில் அமர்ந்து பேசவைக்குமா?

"சொன்னதையே சொல்கிறார்கள்" என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அன்பரே, அவர்கள் சொன்னதை ஒருமுறையேனும் முழுமையாகக் கேட்டீரா?

எருசலேம் ஆலயத்தில் குழந்தை இயேசுவை இன்னாரென்று கண்டுகொண்டு எடுத்துரைத்தவர்கள், முதிர்ந்த சிமியோனும் கைம்பெண்ணான அன்னாவும். அவர்கள் வாய்திறக்க இடமில்லாத ஆலயமாக நம் பங்கு இருக்கலாமா?

துக்க வீட்டில் செபமாலையை முன்னின்று சொல்லவும், தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை அதற்குரிய இராகத்தோடு வாசிக்கவும் அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். மறைக்கல்வி வகுப்புக்கு அவர்களை அழைத்துச் சிறுவர்க்குக் கற்பிக்கச் செய்வோம். பங்குப் பேரவையில் இடமளிப்போம். நடக்க இயலாதவரின் இல்லத்திலேயே அன்பியக் கூட்டத்தை நடத்துவோம். செவி மங்கியவர்முன் முகம் காட்டி நிதானமாகப் பேசுவோம். குடும்பத்தில் ஒரு முடிவெடுக்குமுன், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்போம். இவற்றுக்குக் காசு செலவில்லை, மனம்தான் வேண்டும்.

வரும் முதியோர் நாளில் ஒலிவாங்கியை அவர்கள் கையில் கொடுங்கள். நாம் கீழே அமர்ந்து கேட்போம்.