நிற்கக் கற்கும் குதிரை

கிண்டிப் பந்தயத் திடலின் குத்தகையை 2024-ஆம் ஆண்டில் தமிழக அரசு ரத்து செய்தபோதும், அதே ஆண்டில் உதகமண்டலத்துத் திடலை வாடகைப் பாக்கிக்காக மீட்டுக்கொண்டபோதும், அந்நிலத்தில் ஏரி வெட்டுவதா, பூங்கா அமைப்பதா, நூறாண்டு கடந்த ஒரு கிளப்பை வெளியேற்றுவது நியாயமா என்பன போன்ற கேள்விகள் பத்திரிகைகளிலும் நீதிமன்றத்திலும் விஸ்தாரமாக அலசப்பட்டன. அலசப்பட வேண்டியவைதாம். ஆனால் அந்தத் திடல்களில் ஓடிக் களைத்த ஜீவன்களைப் பற்றிய பேச்சு அரிதாகவே காதில் விழுந்தது. பந்தயம் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் தம்மை அறியாமலே ஒத்துப்போகும் இடம் இது ஒன்றுதான்.

பந்தயக் குதிரையின் உத்தியோக காலம் மிகக் குறுகியது. எந்தத் தேதியில் பிறந்திருந்தாலும் ஜனவரி 1 அன்று அதற்கு ஒரு வயது கூடிவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொண்டு (ஜோசியர்கள் இந்த ஏற்பாட்டை ஒப்பமாட்டார்கள்), 2 வயதிலேயே அதைத் திடலில் இறக்கிவிடுகிறார்கள். முதுகெலும்பு முழு வளர்ச்சி பெற 5, 6 வயதாகும் என்பதோ மிருக வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம். ஆக, தேகம் பூரணமாக விளையும் தறுவாயில் பலவற்றுக்கு வேலை போய்விடுகிறது. ஆயுளோ 25, 30 ஆண்டு. அதிர்ஷ்டமுள்ளவை இனப்பெருக்கப் பண்ணைக்கும் சவாரிப் பள்ளிக்கும் போகின்றன. மற்றவற்றில் சில மெரினா மணலிலும் உதகை ஏரிக்கரையிலும் விடுமுறைக்கு வந்த குழந்தைகளைச் சுமக்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே, மினுமினுக்கும் அதன் மேனியையும் நீண்ட கால்களையும் கண்டு மயங்கி, விலையும் சல்லிசாக இருக்கிறதே என்று வாங்கிவிடுகிற தனி மனிதர் ஒருவர் உண்டு. அவர் நல்லவர், குதிரைமேல் பிரியமுள்ளவர். ஆனால் முதல் நாளே ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறார். காரியம் கெடுவது அங்கேதான்.

பந்தயத்திலிருந்து வந்தது பழக்கப்படாத குதிரை என்று நினைப்பது தவறு. அது வெகு நேர்த்தியாகப் பழக்கப்பட்ட குதிரை. ஆனால் வேறொரு காரியத்துக்குப் பழக்கப்பட்டது. திடலில் ஜாக்கி அங்கவடியில் கால் வைத்து ஏறுவதில்லை. பக்கத்தில் நிற்பவர் அவர் முழங்காலைப் பிடித்து உயர்த்திவிட, பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும்போதே குதிரையின் முதுகில் நோகாமல் அமர்ந்துவிடுகிறார். சேணமும் பெயருக்குத்தான். புது எஜமானர் என்ன செய்கிறார்? கனத்த சேணம் ஒன்றைக் கட்டி, குதிரையை அசையாமல் நிற்கச் சொல்லி, இடப்புற அங்கவடியில் தம் எடை முழுவதையும் தொங்கவிட்டு ஏறுகிறார். குதிரை நகர்கிறது, ஆள் ஏறும்போது நகர்வதே அது கற்ற மரியாதை. அவர் பதறி, லகான் இரண்டையும் சேர்த்து இழுக்கிறார். வாயில் கடிவாளம் அழுந்தினால் அதன்மேல் சாய்ந்து வேகம் பிடிக்க வேண்டும் என்பது அதற்குக் கிடைத்த போதனை. ஆகவே வேகம் பிடிக்கிறது. விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் அவர் கால்கள் விலாவை இறுக்குகின்றன. ஜாக்கி முழங்காலை மடக்கி உயரத்தில் குந்தியிருப்பவராதலால், அந்த இடத்தில் அப்படியொரு பிடியை அது என்றும் அறிந்ததில்லை, மிரண்டு பாய்கிறது. மறுநாள் ஊரில், ‘போக்கிரிக் குதிரை, பாவம், அவர் தலையில் கட்டிவிட்டார்கள்’ என்று பேச்சு. குதிரையோ, தனக்குச் சொன்னதாகப் புரிந்துகொண்டதையெல்லாம் வரிசை பிசகாமல் செய்திருக்கிறது.

ஆதலால் முதற் சவாரிக்கு முன்னே, சவாரியே இல்லாத சில மாதங்கள் வேண்டும். நாளின் பெரும்பகுதியை நாற்சுவருக்குள் கழித்த பிராணி, மேய்ச்சல் நிலத்தில் வேறு குதிரைகளின் சகவாசத்தோடு சும்மா திரியப் பழக வேண்டும். தீனி விஷயம் அதனினும் முக்கியமானது. குதிரையின் இரைப்பை இரவும் பகலும் ஓயாமல் அமிலம் சுரப்பது. புல் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும் என்று நம்பி இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. பந்தய லாயத்திலோ ஓட்ஸும் பிற தானியமும் வேளைக்கு வேளை குவிய, நடுவில் நெடுநேரம் வயிறு காலியாகக் கிடக்கிறது. பயிற்சியிலுள்ள பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப் புண் உண்டென்பது பல நாட்டு ஆராய்ச்சிகளில் கண்ட உண்மை. சேணவாரை இறுக்கும்போது காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறதே என்று சாட்டையை எடுப்பவர், அதற்கு முன் வைத்தியரை அழைக்கலாம். தானியத்தைச் சடுதியில் நிறுத்துவதும் ஆகாது. வயிற்று நோவு கண்டு உயிருக்கே ஆபத்தாக முடியும். இரண்டு வாரமாவது எடுத்துக்கொண்டு, அதைக் குறைத்து, புல்லையும் குதிரைமசாலையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஓட்டத்துக்கென்று அடித்த மெல்லிய அலுமினிய லாடத்தைக் கழற்றிவிட்டுக் குளம்பைச் சீராக்க வேண்டும். பற்களின் கூர்முனைகளை அராவ வேண்டும். கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் மூடிக்கொள்ளும் என்று குதிரையின் கபடத்தை நம் முன்னோர் பரிகாசம் செய்தார்கள். மூடிக்கொள்ளும் வாய்க்குள் கன்னத்தைக் கிழிக்கும் பல் ஒன்று இருக்கலாம் என்பதையும் யோசிப்பது நல்லது.

பிறகு தொடங்கும் சிட்சையில் முதற் பாடம் நிற்பது. தரையில் நின்றபடியே கயிற்றைப் பிடித்து நடத்தி, நிறுத்தி, நின்ற மாத்திரத்தில் கயிற்றைத் தளர்த்தி, கழுத்தைத் தடவிக் கொடுப்பது. அதன்பின் நீண்ட கயிற்றில் இரு பக்கமும் வட்டம் விடுவது. திடல் எந்தப் பக்கம் வளைந்ததோ அந்தப் பக்கத்து வளைவே தேகத்தில் ஊறிப்போயிருப்பதால், எதிர்ப் பக்கம் திருப்பினால் தோளைத் தள்ளிக்கொண்டு விறைப்பாகவே போகும். ஏறுவதற்கு ஒரு மேடை வைத்து, அதன் அருகே நின்றால் துன்பமொன்றும் நேராது என்று அது நம்பும்வரை வெறுமனே நிறுத்திவைக்க வேண்டும். முதற் சவாரிகள் வேலியிட்ட இடத்தில், வயதான சாதுக் குதிரை ஒன்று துணைக்கு இருக்க, நடையளவில் முடிய வேண்டும். கடிவாளத்தின் மேல் அது சாய்ந்தால் பதிலுக்கு இழுக்கக் கூடாது. ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள பிராணியோடு கயிறிழுப்பில் வென்றவர் இல்லை. பிடியைத் தளர்த்தி, பெரியதொரு வட்டத்தில் திருப்பி, உட்காரும் விதத்தாலும் குரலாலும் வேகத்தைக் குறைக்கச் சொல்லி, அது குறைத்த கணமே கையை இளக்க வேண்டும். துரித காலத்திலேயே பாடிப் பழகிய வித்வானை விளம்ப காலத்துக்குக் கொண்டுவரும் பிரயாசை இது. ஞானத்தில் குறைவில்லை, நிதானந்தான் புதிது. தலை தாழ்ந்து, கழுத்து நீண்டு, மூக்கிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வெளிப்படும்போது, அன்றைய பாடத்தை முடித்துக்கொண்டு இறங்கிவிடுவது விவேகம். திறந்தவெளியில் மற்றக் குதிரைகளோடு பாய்ச்சலில் விட்டுப் பார்க்கும் ஆசையை நெடுநாள் ஒத்திவைக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் காலமும் பணமும் தேர்ந்த ஆளும் வேண்டும். இந்தச் செலவை, ஆசைப்பட்டு வாங்கியவர் ஒருவரே சுமக்க வேண்டும் என்பது தர்மமன்று என்பதே என் கட்சி. 1974-இல் தமிழ்நாட்டில் பந்தயத்தின் மேல் பணம் கட்டுவதைத் தடுக்க இயற்றிய சட்டத்தை எதிர்த்துக் கிளப்பின் தரப்பில் நடந்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் சூதாட்டமன்று, திறமைக்குரிய விளையாட்டே என்று தீர்ப்பளித்தது. பயிற்சியால் குதிரை பெறும் வேகமும் தாங்குசக்தியும் அத்தீர்ப்புக்கு ஆதாரமான காரணங்களுள் அடங்கும். குதிரையின் முதற் சிட்சையைக் காட்டி வழக்கில் வென்ற ஒரு தொழில், அதன் இரண்டாம் சிட்சை தனக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்? விற்ற பொருளுக்கு விற்றவன் என்றைக்கும் பொறுப்பாளியா என்று கேட்பார்கள். வேறு எதற்கும் உதவாதபடி ஒரே காரியத்துக்கென்று ஓர் உயிரைப் பழக்கியவன், அந்தப் பழக்கத்தை மாற்றும்வரையிலாவது பொறுப்பாளிதான்.

இது நடவாத காரியமுமன்று. பிரிட்டனில் ஓய்வு பெற்ற குதிரைகளை மறுபடி பழக்குவதற்கென்றே பந்தயத் துறை 2000-ஆம் ஆண்டில் ஒரு தர்ம ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. அமெரிக்காவில், 1986-இல் கெண்டக்கி டெர்பியை வென்ற ஃபெர்டினாண்ட் என்னும் குதிரை ஜப்பானில் இறைச்சிக் கூடத்தில் முடிந்த சேதி 2003-இல் வெளியாகி ஜனங்களைத் திடுக்கிட வைத்த பிறகே இந்தச் சிந்தை வலுத்தது. இப்போது கெண்டக்கியில் ஆண்டுதோறும், பந்தயத்தை விட்டு வந்து மறுபயிற்சியில் ஓராண்டுகூட நிறையாத குதிரைகள், தடை தாண்டுதல், மாடு மேய்த்தல் முதலிய வித்தைகளில் தம் புதிய படிப்பைக் காட்டுகின்றன. நாம் அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டாம். குதிரை கைமாறும்போது அதன் காயங்களும் வைத்தியமும் குறித்த ஏட்டையும் சேர்த்துக் கொடுக்கும்படியும், ஆறு மாதத் தீனிக்கும் பழக்குநர் கூலிக்குமான தொகையைப் பந்தயக் கிளப்பில் முன்கூட்டியே கட்டி வைக்கும்படியும் அரசு விதி செய்தால் போதும். அந்தத் தொகையை யார் கட்டுவது என்று தகராறு வருமானால், அக்குதிரையின் பெயரைச் சொல்லிக் கோப்பை வாங்கி வீட்டுக் கூடத்தில் அடுக்கி வைத்திருப்பவரிடமிருந்து வசூலைத் தொடங்கலாம்.