ரைஸ் குக்கரின் காவலாளி



நேற்று இரவு வரை ஒழுங்காகச் சோறு சமைத்துத் தந்த ரைஸ் குக்கர், இன்று காலை பிளக்கைப் போட்டதும் பேசாமல் இருக்கிறது. விளக்கு எரியவில்லை. பிடியை அழுத்தினாலும் தட்டுச் சூடேறவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அவசரம். பிள்ளைகளுக்குப் பாடசாலை, வாப்பாவுக்குக் கடை. “குக்கர் பழுதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்” என்ற முடிவுக்கு உடனே வந்துவிடுகிறோம்.

பல வேளைகளில் குக்கர் பழுதாவதில்லை. அதன் அடிப்பாகத்தில், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தெர்மல் பியூஸ் என்ற ஒரு சிறு பொருள் இருக்கிறது. அதுதான் அறுந்திருக்கும். மலிவான அந்த உதிரிப்பாகத்தைப் பற்றி இம்மாதம் பேசுவோம். இது ஆண்களுக்குரிய விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். குக்கரோடு அன்றாடம் புழங்குபவர்கள் நீங்கள்தான். அது பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பி வரும்போது கேட்க வேண்டிய கேள்வியையும் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

முதலில் குக்கர் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். தானாகவே நின்றுவிடும் மின்சாரக் குக்கரை ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1955 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் டோக்கியோவில் சிறு தொழிற்சாலை நடத்திய யோஷிததா மினாமி. எத்தனை நிமிடம் கொதித்தால் சோறு பதமாகும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மீண்டும் மீண்டும் சமைத்துப் பார்த்துக் கண்டறிவதில் பெரும்பங்கு அவருடைய மனைவி ஃபுமிகோவுக்கு உரியது. ஒரு பெண் தன் சமையலறையில் பட்ட பாடு, உலகத்துப் பெண்களின் பாட்டைக் குறைத்தது.

இன்று நம் வீடுகளிலுள்ள சாதாரணக் குக்கரில், சூடேறும் தட்டின் நடுவே சட்டியின் அடியைத் தொட்டுக்கொண்டு ஒரு காந்தம் இருக்கிறது. சட்டியில் தண்ணீர் இருக்கும் வரை அதன் அடி, தண்ணீர் கொதிக்கும் சூட்டை விட அதிகம் ஏறாது. கடற்கரை ஊர்களில் அது 100 பாகை செல்சியஸ். மஸ்கெலியா போன்ற உயரமான ஊரில் ஏறத்தாழ 96 பாகையிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அரிசி தண்ணீரை உறிஞ்சி முடித்ததும் சட்டியின் சூடு விறுவிறுவென்று ஏறுகிறது. 100 பாகையைச் சற்றுத் தாண்டியதும் அந்தக் காந்தத்தின் பிடிப்பு விட்டுப்போகிறது. உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் தள்ள, பிடி “டக்” என்று மேலெழுகிறது. சோறு வெந்துவிட்டது என்று நமக்குச் சொல்லும் ஓசை அதுதான்.

ஏதோ ஒரு காரணத்தால் அந்தப் பிடி மேலெழாமல் போனால் என்ன ஆகும்? சூடு ஏறிக்கொண்டே போகும். சோறு கருகும், வயரின் உறை உருகும், கடைசியில் தீப்பிடிக்கவும் கூடும். இந்த நிலை வரும்போது தடுப்பதற்காகவே தெர்மல் பியூஸை வைத்திருக்கிறார்கள்.

கராம்பை விடச் சற்றுத் தடித்த, உலோக உறையிட்ட சிறு உருளை அது. இரு முனைகளிலும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒரு வெள்ளை அல்லது மஞ்சள் நிற உறையைப் போட்டு, சூடேறும் தட்டுக்கு அருகில் பொருத்தியிருப்பார்கள். குக்கருக்குள் செல்லும் மின்சாரம் முழுவதும் அதைக் கடந்தே செல்ல வேண்டும். அந்த உருளைக்குள் மெழுகைப் போல உருகும் ஒரு சிறு கட்டியும், அதை அழுத்திக்கொண்டு ஒரு ஸ்பிரிங்கும் உள்ளன. குறிக்கப்பட்ட சூட்டை எட்டியதும் கட்டி உருகுகிறது, ஸ்பிரிங் விலகுகிறது, மின்சாரம் நின்றுவிடுகிறது. இவ்வாறு ஒரு முறைதான் அது வேலை செய்யும். பிறகு ஆறினாலும் மீண்டும் உயிர்பெறாது.

வீட்டில் வேறு காவல்களும் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். 13 ஆம்பியர் பிளக்குக்குள் இருக்கும் பியூஸ், மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் அறுந்துபோகும். சுவரிலுள்ள ட்ரிப் சுவிட்ச், மின்சாரம் கசிந்து உடலிலோ பூமியிலோ பாய்ந்தால் விழும். குக்கர் அளவுக்கு மீறிச் சூடாவதை இவ்விரண்டும் அறியமாட்டா. ஏனெனில் சட்டி கருகிக்கொண்டிருக்கும்போதும் வயரில் ஓடும் மின்சாரம் வழமையான அளவே. சூட்டை அறிந்து நிறுத்துவது தெர்மல் பியூஸ் மட்டுமே.

அண்மையில் எங்கள் பகுதியில் ஒரு ராத்தா, பழுதுபார்த்து வாங்கி வந்த குக்கரில் சோறு தினமும் அடிப்பிடிக்கிறது என்று முறையிட்டார். அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, தெர்மல் பியூஸ் இருந்த இடத்தில் ஒரு துண்டு வயரை முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தது. குக்கர் வேலை செய்கிறது, கூலியும் கொடுத்தாயிற்று. ஆனால் வாசலில் நின்ற காவலாளியை அனுப்பிவிட்டு, கதவையும் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் பழுதுபார்த்தவர். நம்மிடம் பழுதுபார்க்க வரும் பொருள் நம் கையில் அமானிதம். அதன் பாதுகாப்பைக் குறைத்து, அதை உரியவரிடம் சொல்லாமலும் திருப்பிக் கொடுப்பது அந்த அமானிதத்துக்குச் செய்யும் துரோகமல்லவா?

இங்கே ஆபத்து ஒரு வீட்டோடு நிற்பதில்லை. தோட்டத்து லயங்களில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். ஓர் அடுப்படியில் பற்றும் தீ அந்த வரிசை முழுவதையும் விழுங்கிய செய்திகளை நம் மலையகம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறது. பஸாரிலும் கடையும் வீடும் சுவரோடு சுவர் ஒட்டியே நிற்கின்றன. நாம் மிச்சம் பிடித்த ஒரு சிறு தொகைக்காகப் பக்கத்து வீட்டார் தம் பிள்ளைகளின் புத்தகங்களையும், சேர்த்து வைத்த நகையையும், ஏன், உயிரையும் கூட இழக்க நேரலாம். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு தீக்கிரையான செய்தியைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், உறங்கப் போகுமுன் நெருப்பை அணைத்துவிடும்படி ஏவியதை புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் காண்கிறோம். அன்று அது விளக்கின் திரி. இன்று அது சுவரில் செருகிய பிளக்காகவும் இருக்கலாம்.

இனி, பியூஸ் ஏன் அறுந்தது என்று பார்க்க வேண்டும். காரணத்தைத் தேடாமல் புதிய பியூஸைப் போட்டால் அதுவும் சில நாளில் அறுந்துவிடும். சட்டியின் அடியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலே காந்தம் சட்டியைச் சரியாகத் தொடாது. கீழே விழுந்து நெளிந்த சட்டியும் அப்படித்தான். நோன்பு மாதத்தில் கஞ்சி காய்ச்சும்போது பொங்கி வழிந்து நடுத்துவாரத்துக்குள் இறங்கினால், காய்ந்த பிறகு பசைபோல் இறுகிக் காந்தத்தின் அசைவைத் தடுக்கும். நெய்ச்சோறுக்கு ரம்பையும் கருவாவும் வெங்காயமும் குக்கரிலேயே தாளிக்கும் சகோதரிகள் சிலர், பிடி மேலெழாமல் இருக்க அதன் மேல் கரண்டியைச் செருகி வைப்பதுண்டு. இந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். குக்கரை “நில்” என்று சொல்லவிடாமல் வாயைப் பொத்துவதற்கு அது ஒப்பாகும். அளவு பொருந்தாத வேறு சட்டியை வைப்பதும், சட்டியே இல்லாமல் பிடியை அழுத்துவதும் இதே கேட்டைத் தரும். சமைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், சட்டியை விறகடுப்புக்கு மாற்றினால், மறக்காமல் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பியூஸ் மாற்றும் முறை இது. குக்கரைத் திறக்குமுன் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே கழற்றி, குக்கர் முற்றாக ஆறும் வரை காத்திருங்கள். அதற்கு முன், வேறொரு பொருளைச் செருகி அந்தப் பிளக் பொயின்ட்டில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். பிளக்கின் பியூஸையும் வயரையும் சோதியுங்கள். அவை சரியாக இருந்தால்தான் அடித்தகட்டைக் கழற்ற வேண்டும். மல்டிமீற்றரின் இரு முனைகளையும் தெர்மல் பியூஸின் இரு கம்பிகளிலும் வைத்தால், நல்ல பியூஸ் என்றால் ஓசை வரும். ஓசை இல்லையென்றால் அறுந்துவிட்டது. மின்சார வேலையில் பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்தி, தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதே நல்லது.

பழைய பியூஸைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். அதன் உடலில் ஆம்பியர், வோல்ட், பாகை ஆகிய மூன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக 10 ஆம்பியர், 250 வோல்ட், 172 பாகை. புதியதிலும் அதே எண்கள் இருக்க வேண்டும். “இது கொஞ்சம் கூடின சூடு, நீடித்து உழைக்கும்” என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீர்கள். பாகை கூடினால் காவல் தாமதமாகும். குறைந்தால் நல்ல சமையலிலேயே அறுந்துபோகும். எண் பொறிக்காததை எடுக்கவே வேண்டாம்.

ஈயம் உருக்கி ஒட்டினால் அந்தச் சூட்டிலேயே புதிய பியூஸ் அறுந்துவிடலாம். ஆகவே சிறு உலோகக் குழாயை நசுக்கி இறுக்கியே கம்பிகளை இணைக்க வேண்டும். இணைப்புத் தளர்ந்திருந்தால் அதுவே சூடாகும். கம்பியை உருளையின் கழுத்தோடு மடிக்கக் கூடாது. பழைய உறையையே திரும்பப் போட வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் டேப் அந்தச் சூட்டைத் தாங்காது. முன்பு இருந்த அதே இடத்தில் இறுக்கிப் பொருத்த வேண்டும். தட்டிலிருந்து விலகித் தொங்கும் பியூஸ் சூட்டை உரிய நேரத்தில் அறியாது. மூடுமுன் பூமிக் கம்பி தன் இடத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முதல் தடவை சிறிதளவு தண்ணீரை மட்டும் வைத்து, அருகிலேயே நின்று, தண்ணீர் வற்றியதும் பிடி தானாக மேலெழுகிறதா என்று பாருங்கள். எழவில்லையென்றால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கோளாறு காந்தத்திலும் சுவிட்சிலும் இருக்கிறது. அதைத் திருத்தாமல் சமைக்கக் கூடாது.

2022 இல் எரிவாயு சிலிண்டருக்காக வரிசையில் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. மின்சாரத்தில் சமைக்கும் வசதி எத்தனை பெரியது என்று அப்போது உணர்ந்தோம். மணிக்கணக்கில் கரண்ட் போனபோது இன்னும் நன்றாக உணர்ந்தோம். நம்முடைய பழைய டவுனையும் அதன் பள்ளிவாசலையும் கோயிலையும் 1969 இல் மூடிய மவுசாகலை நீர்த்தேக்கத்தின் நீர்தான் கெனியன் மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. விலை கொடுத்துப் பெற்ற நிஃமத் அது. அதைப் பேணிப் பயன்படுத்துவது நம் கடமை.

அடுத்த தடவை குக்கரைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் சகோதரிகள், வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “தெர்மல் பியூஸ் போட்டீர்களா, நேராக வயர் கொடுத்தீர்களா?” பழைய பியூஸைத் திருப்பித் தரும்படியும் சொல்லுங்கள். நேர்மையான தொழிலாளி இதனால் கோபப்பட மாட்டார்.

அல்லாஹ் நம் இல்லங்களையும் நம் அயலவரின் இல்லங்களையும் தீயின் தீங்கிலிருந்து காப்பானாக! ஆமீன்.