‘அது சி.எஸ். பசங்க வேலை’

என் அக்கா மகள் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரி வளாகத்தில் மண்டிக்கிடக்கும் செடிகளைப் படம் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி, சொந்தமாக ஒரு வெப்சைட் போடப்போகிறேன் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். “உனக்கெதுக்கும்மா அது? சி.எஸ். பசங்க பார்க்கிற வேலை. இன்ஸ்டாவுல போட்டா போதாதா?” என்றாராம் ஆசிரியர். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஊரே அப்படித்தான் நம்புகிறது. அந்த நம்பிக்கை தவறு. படிக்கிற பிள்ளைகளின் உழைப்பைக் கரைத்துவிடுகிற தவறு.

ஒரு சாதாரண வெப்சைட்டுக்கு வேண்டிய ஹெச்.டி.எம்.எல். புரோகிராமிங் மொழியே அல்ல. அச்சுக்குப் போகும் கைப்பிரதியின் ஓரத்தில் ‘இது தலைப்பு, இங்கே புதுப் பத்தி, இந்தச் சொல் தடித்த எழுத்து’ என்று எடிட்டர் குறித்துக்கொடுப்பாரே, அந்தப் பழக்கத்தின் வழிவந்தது அது. கட்டுரை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அடிப்படைக் குறிகள் சில நாட்களில் கைவரும். டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் வெப் என்ற யோசனையை எழுதிக்கொடுத்தது, அங்கே வேலை செய்யும் விஞ்ஞானிகளின் தகவல்கள் சிதறித் தொலையாமல் இருக்கத்தான். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை உலகத்துக்கே பொதுவில் விட்டது. பொதுவில் விட்ட சொத்தை ஒரே ஒரு டிபார்ட்மெண்டுக்குப் பட்டா போட்டுக்கொடுக்க நாம் யார்?

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவளோடு உட்கார்ந்தேன். லேப்டாப்பில் ஏற்கெனவே இருந்த நோட்பேட் போதுமாக இருந்தது. முகப்பு, செடிகள், களக்குறிப்புகள், என்னைப் பற்றி என்று நான்கு பக்கங்கள், நான்கு ஃபைல்கள். முகப்புக்கு மட்டும் ‘இண்டெக்ஸ்’ என்று பெயர். சர்வர் முதலில் தேடுவது அதைத்தான். நான்கின் தலையிலும் ஒரே மெனு. தமிழில் எழுதுவதால் யூ.டி.எஃப்-8 என்று அறிவிக்கும் வரியை ஒவ்வொரு பக்கத்திலும் சேர்த்தோம். அது விட்டுப்போனால் சில இடங்களில் ‘ஆவாரம்பூ’ கிறுக்கலாகத் தெரியும்.

லேப்டாப்பில் எல்லாம் சரியாக இருந்தது. நெட்டில் ஏற்றியதும் குப்பைமேனிப் படத்தைக் காணோம். அரைநாள் தேடினாள். கேமரா ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்துகளைப் பெரிய எழுத்தில் வைத்திருந்தது; இவள் சிறிய எழுத்தில் அடித்திருந்தாள். விண்டோஸ் அந்தப் பேதம் பார்ப்பதில்லை, சர்வர் பார்க்கும். கண்டுபிடித்ததும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! தன் மேஜையில் இருப்பது வேறு, ஊருக்குப் போய்ச் சேர்வது வேறு என்பதை அன்றைக்குக் கண்ணால் கண்டாள். ஏ.ஐ.யிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் கட்டித் தரும் என்பவர்களுக்கும் இதுதான் என் பதில். தரட்டும். படம் வராதபோது எங்கே பார்ப்பது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

செலவைச் சொல்லி மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கிட்ஹப் பேஜஸ், நியோசிட்டீஸ் இரண்டுமே இலவசமாக 1 ஜி.பி. வரை இடம் தருகின்றன. அவளுடைய நான்கு பக்க எழுத்து முழுவதும் சேர்ந்தாலும் ஒரு செல்போன் படத்தின் அளவு வராது. சொந்த முகவரி வேண்டுமென்றால்தான் ஆண்டுக்கொருமுறை பணம் கட்ட வேண்டும். மாணவப் பருவத்தில் அது அவசியமே இல்லை.

இன்ஸ்டா போதும் என்ற வாதத்துக்கு வருகிறேன். கூட்டம் அங்கேதான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே போட்ட குறிப்பு இரண்டு நாளில் அடியில் போய்விடும். அடுத்த பருவத்தில் நாமே தேடி எடுப்பது பெரும்பாடு. இடமும் நம்முடையதல்ல. ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019-இல் போனது. 2020 ஜூனில் டிக்டாக்கை இந்திய அரசு தடை செய்தபோது, அதில் மட்டுமே இருந்தவர்கள் சேர்த்த பார்வையாளர்கள் ஒரே நாளில் இல்லாமல் போனார்கள். வெப்சைட்டுக்கு இடம் தருகிற நிறுவனமும் மூடப்படலாம்தான். லட்சக்கணக்கானோர் பக்கங்கள் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009-இல் அப்படித்தான் போயிற்று. வித்தியாசம் இதுதான்: நம் கையால் கட்டிய தளத்தின் மூலப்பிரதி நம் லேப்டாப்பில் இருக்கிறது. ஓர் இடம் மூடினால் அதே ஃபைல்களை இன்னோர் இடத்தில் ஏற்றிவிடலாம். ஒரு வரிகூடத் திரும்ப எழுத வேண்டாம்.

ஒன்றில் மட்டும் பெற்றோரின் பயம் நியாயமானது. ‘என்னைப் பற்றி’ பக்கத்தில் செல் நம்பரும் வீட்டு விலாசமும் வேண்டாம். தளத்துக்கென்று தனி மின்னஞ்சல் போதும்.

கல்லூரிகளிடம் கேட்கிறேன்: பி.ஏ. தமிழுக்கும், பி.காமுக்கும், தாவரவியலுக்கும் லேப்பில் வாரம் இரண்டு பீரியட் கொடுங்கள். மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் ஸ்பைரல் பைண்டிங்கில் பீரோவுக்குள் போவதற்கு முன் அதை வெளியிடவும் சொல்லிக்கொடுங்கள். யார் பார்க்கப்போகிறார்கள் என்கிறீர்களா? தளம் வெளியாகி இரண்டு மாதம் கழித்து முன்பின் தெரியாத ஒரு சித்த மருத்துவ மாணவர் அவளுக்கு மின்னஞ்சல் எழுதினார். கீழாநெல்லி என்று அவள் போட்டிருந்த படம் மேலாநெல்லியாம். மறுநாள் காலை போய்ச் செடியைப் பறித்துப் பார்த்துவிட்டு, பெயரைத் திருத்தி, திருத்திய தேதியையும் கீழே போட்டுவிட்டாள். போன ஆண்டு அசைன்மெண்டிலும் அதே படம்தான். அது டிபார்ட்மெண்ட் பீரோவில் இன்னும் கீழாநெல்லியாகவே இருக்கிறது.